நீலக் கட்டம்

நீங்கள் கொண்டுவந்த ஏலக்காய் ரொட்டி நன்றாக இருந்தது, டார்லா. இரண்டே நாளில் தீர்த்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் இப்போது யாரும் ஏலக்காயை இவ்வளவு தாராளமாகப் போடுவதில்லை. வாசலில் பூட்ஸைக் கழற்றாமல் நின்றபடியே நீங்கள் பேசிவிட்டுப் போனதால் நன்றிகூட ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

"சனிக்கிழமை அத்த நெனவா சர்ச்சு கீழ்க்கூடத்துல சாப்பாட்டுக்கு முன்னாடி வாசிக்கறோம். ஒரு பக்கம் போதும். அத்தைய தெரிஞ்சவங்க ஆளுக்கு ரெண்டு வார்த்த எழுதறாங்க," என்றீர்கள். "கடைசி ரெண்டு வருஷத்துல அத்த யாருக்காவது லெட்டர் போட்டாங்கன்னா அது உங்களுக்குத்தான். எங்களுக்கெல்லாம் கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு, அவ்வளவுதான். நீங்க இல்லாட்டி தனியாவே கெடந்திருப்பாங்க."

இதைச் சொல்லும்போது உங்கள் கண் கலங்கியது. நான் தலையாட்டினேன். நீங்கள் போனபின் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. எதை வாசிப்பது, எதை விடுவது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. யாரும் கேட்பதில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது.

இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் பிரவுசர்கள் பலவகை உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறவிக் குணம். அலங்காரம் எதுவும் சொல்லாமல் ஒரு வெறும் பக்கத்தைக் கையில் கொடுத்தால், ஒன்று தலைப்பை ஊதிப் பெரிதாக்கும், இன்னொன்று பத்திகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடும், மூன்றாவது பட்டன்களுக்குச் சாம்பல் நிறம் பூசும். ஒரே பக்கம் மூன்று வீட்டில் மூன்று முகத்தோடு நிற்கும். பக்கம் செய்கிறவர்களுக்கு இது பெரிய தலைவலி. அந்தத் தலைவலிக்கு நான் ஒரு மருந்து எழுதினேன். முந்நூற்றுச் சொச்சம் வரி கொண்ட ஒரு சின்ன ஃபைல். அதை முதலில் சேர்த்துக்கொண்டால் எல்லாப் பிரவுசரும் ஒரே தரையில் வந்து நிற்கும். அதன்மேல் அவரவர் விருப்பம்போல் கட்டிக்கொள்ளலாம். இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தபோது தொடங்கினேன். ஓய்வு பெற்றும் விடவில்லை. இலவசம்தான். எத்தனை பக்கங்களுக்கு அடியில் அது கிடக்கிறது என்று எனக்கே தெரியாது. லட்சத்துக்கு மேல் இருக்கும்.

சமையலில் உப்பு சரியாக இருந்தால் யாரும் உப்பைப் பற்றிப் பேசமாட்டார்கள். என் ஃபைலும் அப்படித்தான். பதினாறு வருடம் சரியாக இருந்தது, பதினாறு வருடம் யாரும் பேசவில்லை. எனக்கு மனைவி இல்லை, உடன்பிறந்தவர்கள் இல்லை. சனிக்கிழமை சவுனாவில் நீராவிக் குளியலுக்கு வந்துகொண்டிருந்த நண்பரும் அரிசோனாவுக்குப் போய்விட்டார். குளிர்காலத்தில் மளிகைக் கடையில் "பை வேணுமா?" என்று அந்தப் பெண் கேட்பதுதான் சில வாரங்களில் என்னிடம் யாராவது கேட்ட ஒரே கேள்வி. புகார் சொல்லவில்லை, நிலவரத்தைச் சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இப்படி ஒரு ஃபைல் எழுதினால் அதன் உச்சியில் எழுதியவர் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் போடவேண்டும். பக்கம் பார்ப்பவர் கண்ணுக்கு அது படாது. ஆனால் யாராவது தவறுதலாகப் பக்கத்தின் உள்பக்கத்தைத் திறந்துவிட்டால், அங்கே என் பெயர் முதல் வரியிலேயே உட்கார்ந்திருக்கும். அதனால் சம்பந்தமே இல்லாதவர்கள் எனக்கு எழுதுவார்கள். பல் டாக்டரிடம் நாள் குறித்தது தவறிவிட்டது என்று ஒருவர். விமான டிக்கெட்டில் பெயர் தப்பாக விழுந்துவிட்டது, உடனே மாற்று என்று இன்னொருவர். நான்தான் எல்லாவற்றுக்கும் முதலாளி என்று நினைத்துக்கொள்வார்கள். நான் பதில் போடுவதில்லை. அவர்களும் மறுமுறை எழுதுவதில்லை.

உங்கள் அத்தையின் முதல் கடிதமும் அப்படித்தான் வந்தது, இரண்டு வருடத்துக்கு முன் மார்ச்சில். அப்படியே தருகிறேன். அவர் குரலை நீங்கள் அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

"ஐயா, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. வீட்டச் சூடாக்கற கேஸு கொண்டாந்து ஊத்தற கம்பெனிப் பக்கத்துல என் கை நடுங்கி ஏதோ ரெண்டு பட்டன ஒண்ணா அமுக்கிட்டேன், உள்ளார இருக்கற கொடலு எல்லாம் வெளிய வந்துருச்சு. நீலமா இருந்த ஒரு வரியத் தட்டினா உங்க பேரு. அப்ப நீங்கதான் பொறுப்பு. எனக்கு மவுஸு பிடிக்க முடியாது, கை ஆடும். கீபோர்டுல டேப் பொத்தானத் தட்டித் தட்டித்தான் ஒரு பட்டன்லருந்து அடுத்ததுக்குப் போவேன். நான் எந்தப் பட்டன் மேல நிக்கறேன்னு சுத்தி ஒரு நீலக் கட்டம் காட்டும். ஒரு வாரமா அதக் காணோம். நீங்க எடுத்துட்டுப் போயிருந்தா திருப்பிக் குடுங்க. இருபத்தெட்டு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினவ நான். கண்ணாடியக் கழட்டிட்டு பின்னால எடுன்னா எப்பிடி எடுக்கறது? தெல்மா ரவுத்தியோ."

படித்துவிட்டுச் சிரித்தேன். அந்த வாரம் என் வீட்டில் கேட்ட முதல் மனிதச் சத்தம் அதுதான். நான் சிரித்த சத்தம்.

அவர் சொன்னது சரி. அந்தக் கட்டம் ஒவ்வொரு பிரவுசரிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஒன்றில் நீலம், ஒன்றில் புள்ளிக்கோடு, ஒன்றில் ஆரஞ்சு. அதை ஒரே மாதிரியாக்க நினைத்து, ஒரு வரியில் பழைய கட்டத்தை எடுத்துவிட்டு, அடுத்த வரியில் என் சொந்தக் கட்டத்தைப் போட்டிருந்தேன். இரண்டாம் வரியை நான் புதிய பாணியில் எழுதியிருந்தேன். பழைய பிரவுசர்களுக்கு அந்தப் பாணி தெரியாது. தெரியாத வரியை அவை சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். தெல்மாவின் கம்ப்யூட்டர் நீங்கள் அவருக்குக் கொடுத்த பழைய கம்ப்யூட்டர், அதில் இருந்ததும் பழைய பிரவுசர். அது முதல் வரியைக் கேட்டுக் கட்டத்தை எடுத்தது, இரண்டாம் வரி புரியாமல் விட்டுவிட்டது. யானைக்கும் அடி சறுக்கும். நேர்மையான தவறு.

அவருக்குப் பதில் எழுதினேன், மன்னிப்பும் கேட்டேன். பழைய பிரவுசருக்காக ஒரு வரி சேர்த்து இரண்டே நாளில் புதிய வெர்ஷன் வெளியிட்டேன். அந்தக் கேஸ் கம்பெனிக்குப் பக்கம் செய்துகொடுத்தவர் சோம்பேறி. 'எப்போதும் கடைசியாக வந்த வெர்ஷனையே எடுத்துக்கொள்' என்று என் ஃபைலோடு நேரே இணைத்து வைத்திருந்தார். அப்படிச் செய்யாதீர்கள் என்று நானே எழுதிவைத்திருக்கிறேன், யார் படிக்கிறார்கள். ஆகவே நான் வெளியிட்ட அன்றே தெல்மாவின் திரையில் கட்டம் வந்துவிட்டது.

"வந்துருச்சு! பெரிய மனுசன்யா நீங்க. ஓன்டோனாகன் பக்கம் வந்தா வாங்க, கறியும் உருளைக்கெழங்கும் வெச்சு மூடி பாஸ்டி சுட்டுத் தர்றேன். கை ஆடறதால ஓரம் கோணலாத்தான் இருக்கும், ருசி கோணாது," என்று எழுதினார். பிறகு ஒன்றும் வரவில்லை.

ஏப்ரல் முழுக்கக் காத்திருந்தேன். எப்படி இருக்கிறீர்கள் என்று நானே ஒருமுறை எழுதினேன். "நல்லாருக்கேன். நன்றி," என்று வந்தது. ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி என்பார்கள். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. மனிதர்கள் தேவை இருக்கும்போது எழுதுகிறார்கள், தேவை தீர்ந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். நானும் அப்படித்தான்.

ஜூனில் அடுத்த வெர்ஷன் வந்தது. அதில் அந்த ஒரு வரி இல்லை. ஏதோ வேலை மும்முரத்தில் விடுபட்டது என்று இங்கே எழுதலாம். எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். நான்தான் எடுத்தேன். ஒவ்வொரு வெர்ஷனோடும் என்ன மாற்றினோம் என்று குறிப்பு எழுதவேண்டும் என்பதும் எங்கள் வழக்கம். 'சிறு சீரமைப்புகள்' என்று எழுதினேன். அதை யாரும் படிப்பதில்லை.

மூன்றாம் நாள் காலையில் அவர் கடிதம் வந்தது.

"சொல்லி வெச்ச மாதிரி மறுபடியும் போயிருச்சு உங்க கட்டம். ஏன்யா, வாடகைக்கு விட்டிருக்கீங்களா?"

அன்று நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஷேவ் செய்துகொண்டு பதில் எழுத உட்கார்ந்தேன்.

இப்படியே இரண்டு வருடத்தில் ஐந்து முறை எடுத்தேன், நான்கு முறை திருப்பி வைத்தேன். பழகப் பழக எனக்கு ஒன்று புலப்பட்டது. உடனே பதில் போட்டால் அவர் சுருக்கமாக எழுதுவார். ஒரு நாள் தாமதித்தால் இரண்டாவது கடிதம் வரும், அது நீளமாக இருக்கும், தோட்டம், முட்டி வலி, கவுன்ட்டியில் யார் யாருக்குச் சண்டை என்று எல்லாம் வரும். இரண்டு நாள் தாமதித்தால் மூன்றாவது வரும். மூன்றாவதுதான் உயிர்.

கொக்கெர்ஸ் மேட்டில் வெண்பனிப் புயலில் பஸ் நின்ற கதை உங்களுக்குத் தெரியுமா, டார்லா? பத்தொன்பது குழந்தைகள். கண்ணாடிக்கு வெளியே தன் கையே தெரியவில்லையாம். "எஞ்சின ஓடவிட்டா டீசல் தீரும், அணைச்சா குளிரும். பத்து நிமிசம் ஓட்டுவேன், இருவது நிமிசம் அணைப்பேன். அணைச்சிருக்கற நேரமெல்லாம் பாடச் சொன்னேன். பாட்டு தெரியாததுங்க வாய்ப்பாடு சொல்லுச்சுங்க. ரெண்டாங் கிளாஸ்ல ஒருத்தி என் மடியிலயே உச்சா போயிட்டா. சூடா இருந்துச்சு, அதுவும் நல்லதுக்குத்தான்னு நெனச்சுக்கிட்டேன்." பனி வாரும் லாரி வர மூன்றே முக்கால் மணி நேரம் ஆனதாம். ஒரு குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை என்று எழுதியிருந்தார். நான் இரண்டு நாள் பதில் போடாமல் இருந்ததால்தான் இது வந்தது. உடனே பதில் போட்டிருந்தால் இந்தக் கதை இன்று யாரிடமும் இருந்திருக்காது. சனிக்கிழமை வாசிக்க இது பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கட்டம் இல்லாமல் அவர் எவ்வளவு கஷ்டப்பட்டார் என்பது எனக்குத் தெரியும். அவரே எழுதியிருக்கிறார், நேரிலும் பார்த்திருக்கிறேன். போன செப்டம்பரில் ஓன்டோனாகனுக்குப் போனேன். பாஸ்டி சாப்பிடப் போகவில்லை. தபால் நிலையத்துக்குள் சும்மா நின்றேன். பதினொரு மணிக்குத் தபால் எடுக்க வருவேன் என்று எழுதியிருந்தார், வந்தார். நான் நினைத்ததைவிடக் குட்டையாக இருந்தார். சிவப்புக் கட்டம்போட்ட கோட்டு. சுவரில் தன் பெயருக்கு இருந்த தபால் பெட்டியின் பூட்டுக்குள் சாவியை நுழைக்க ஆறு முறை முயன்றார், ஏழாவது முறை சாவி கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

"ரொம்ப நன்றிங்க," என்றார். "இந்தக் கைக்கு இப்ப திமிரு. நான் சொல்றது ஒண்ணு, அது செய்யறது ஒண்ணு. கல்யாணம் பண்ணின மாதிரியே இருக்கு."

குரல் மிகவும் சன்னமாக இருந்தது. கையை ஆட்டுகிற அந்த நோய் குரலையும் தின்னுமாம். குனிந்து காதைக் கொடுத்தால்தான் கேட்டது. நான் திறந்து தரட்டுமா என்று கேட்டேன். "வேணாங்க. நேரமிருக்கு," என்று சொல்லிவிட்டு மறுபடி தொடங்கினார். நான் யார் என்று சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தேன். நேரில் பழகிவிட்டால் கடிதம் நின்றுவிடும் என்று தோன்றியதால் விட்டுவிட்டேன். திரும்பி வரும் வழியில் வண்டியை ஏரிக்கரையோரம் நிறுத்திக் கொஞ்ச நேரம் அழுதேன். ஏன் என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை.

ஒருவர் மட்டும் கிட்டத்தட்டக் கண்டுபிடித்தார். நோவா ஸ்கோஷியாவில் லோர்ன் என்று ஒரு ஆள், என் ஃபைலை வரிவரியாகப் படிக்கிற ஒரே பிராணி. எல்லாரும் பார்க்கும் பொதுப் பலகையில் எழுதினார்: "ஆர்விட், என்ன இது கண்ணாமூச்சி? ஒரே வரி போகுது, வருது, போகுது. வயசாயிருச்சுன்னா சொல்லு, நான் பாத்துக்கறேன்." பழைய பிரவுசர்களை எத்தனை காலம்தான் சுமப்பது, ஒரு நாள் இறக்கிவைக்கத்தான் வேண்டும் என்று நான் பதில் எழுதினேன். அது நியாயமான வாதம். நாற்பது பேர் அதற்குக் கட்டைவிரல் உயர்த்தினார்கள். லோர்னும் பிறகு கேட்கவில்லை.

தெல்மாவைப்போல இன்னும் எத்தனை பேர் கட்டமில்லாமல் தடவிக்கொண்டிருந்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். சில ஆயிரம் பேர் இருந்திருக்கலாம். அவர்கள் யாரும் எனக்கு எழுதவில்லை.

நவம்பரில் ஐந்தாவது முறை எடுத்தேன். இந்த முறை அவர் வேறு விதமாக எழுதினார். என்னைத் திட்டவில்லை. "உங்களுக்கு ஏன் சிரமம். நானே ஒரு வழி கண்டுபிடிச்சுட்டேன். மேலருந்து பதினோரு தட்டு, அப்புறம் என்ட்டர். கேஸ் அனுப்புன்னு போயிரும். கண்ணக் கட்டிக்கிட்டு பஸ் ஓட்டற மாதிரிதான், ஆனா ரோடு எனக்கு மனப்பாடம்." டிசம்பரில் இரண்டு கடிதம்தான் வந்தது. இரண்டிலும் கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கட்டம் இல்லாமலே அவர் சமாளித்துக்கொண்டார், அதனால் நான் வேண்டாதவனாகிவிட்டேன். டிசம்பர் எனக்கு நன்றாகப் போகவில்லை.

இப்போது ஜனவரிக்கு வருகிறேன். இந்தப் பகுதியை நீங்கள் கூடத்தில் வாசிக்கவேண்டியதில்லை. ஆனால் உங்களுக்குத் தெரியவேண்டும், ஏனென்றால் வாசலில் நின்று நீங்கள் ஒன்று சொன்னீர்கள், அது தவறு.

"தப்பான பட்டன அமுக்கிட்டாங்க. கம்பெனில கேட்டோம், 'இந்த முறை வேண்டாம்'னு பதிவாயிருக்காம். அந்தக் கையி. நான் எத்தனையோ தடவ சொன்னேன், தானா வந்து நிரப்பற திட்டத்துல சேந்துக்க அத்தேன்னு. கேட்டாத்தானே. நான் சொல்லித்தான் வண்டி வரணும், நான் என்ன கொழந்தையாங்கும்," என்றீர்கள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "புதங்கெழம காலைல கேஸ் வண்டி பக்கத்து வீட்டுக்கு வந்து ஊத்திட்டுப் போயிருக்கு. அத்த வீட்டு வாசலத் தாண்டித்தான் போயிருக்கு," என்றீர்கள்.

அவர் கை தவறு செய்யவில்லை, டார்லா. பதினோரு முறை தட்டச் சொன்னார், பதினோரு முறை தட்டியது. அதற்கு என்ன பாடுபட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த வாரம் கேஸ் கம்பெனிக்காரர்கள் பக்கத்தின் உச்சியில் புயல் எச்சரிக்கை ஒன்று போட்டார்கள், அதற்குள் ஒரு இணைப்பும் வைத்தார்கள். அதனால் கீழே இருந்தது எல்லாம் ஒரு தட்டுத் தள்ளிப்போனது. பதினொன்றில் 'இந்த முறை வேண்டாம்' வந்து நின்றது. 'அனுப்பு' பன்னிரண்டுக்குப் போய்விட்டது. கட்டம் இருந்திருந்தால் அவர் கண்ணாலேயே பார்த்திருப்பார்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு எனக்கு எழுதினார்.

"கார்ல்விட்னு கூப்புடட்டுமா ஆர்விட்னு கூப்புடட்டுமா, ரெண்டு வருஷமாச்சு இன்னும் உங்க பேரு என் விரலுக்கு வரமாட்டேங்குது. ஒரு உதவி. பதினோரு தட்டு தட்டிப் போட்டேன். 'நன்றி, உங்கள் விருப்பம் பதிவானது'ன்னு வந்துச்சு. எப்பவும் தேதி சொல்லும், இப்ப சொல்லல. மேல வேற புதுசா என்னமோ மஞ்சக் கலர்ல எழுதியிருக்கு. மனசு ஒரு மாதிரியா இருக்கு. கேஸ் டேங்க் முள்ளு நூத்துல அஞ்சுக்குக் கீழ இறங்கிருச்சு. போன் பண்ணினா அந்தப் பொண்ணுக்கு என் கொரலு கேக்கல, ஹலோ ஹலோன்னுட்டு வெச்சுர்றா, மூணு தடவ பண்ணிட்டேன். டார்லாவ வேலைல தொந்தரவு பண்ண வேணாம்னு பாக்கறேன். நீங்க அந்தப் பக்கத்தத் தொறந்து ஒரு தடவ எண்ணிப் பாத்துச் சொல்லுங்க. உங்களுக்கு ஒரு நிமிச வேல."

ஒரு நிமிட வேலைதான். ஒன்பது நாற்பத்தொன்றுக்குப் படித்தேன். பக்கத்தைத் திறந்தேன், எண்ணினேன், பன்னிரண்டு. மறுபடி எண்ணினேன். மஞ்சள் நிற எச்சரிக்கையையும் முழுக்கப் படித்தேன். பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி போகும், காற்று அடிக்கும், மின்கம்பிகள் அறுந்து விழலாம் என்று இருந்தது. 'தெல்மா, பன்னிரண்டு தட்டவேண்டும். இப்போதே தட்டுங்கள். நான் கம்பெனிக்கும் போன் செய்கிறேன்' என்று எழுதினேன். ஒன்பது ஐம்பதுக்கு அந்தப் பதில் தயாராகிவிட்டது. என் குரலில் ஒரு கோளாறும் இல்லை, கம்பெனி எண்ணும் திரையிலேயே இருந்தது.

அனுப்பவில்லை.

அனுப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். 'நன்றி' என்று ஒரு சொல் வரும். பிறகு பிப்ரவரி முழுக்க ஒன்றும் வராது. இரண்டு மாதத்துக்கு மேலாகி முதன்முறையாக அவர் என்னிடம் ஏதோ கேட்டிருந்தார். மாலைக்குள் இரண்டாவது கடிதம் வரும், மறுநாள் மூன்றாவது வரும், மூன்றாவது வந்ததும் அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். முள் ஐந்துக்குக் கீழே இருந்தாலும் டேங்கில் உள்ள கேஸ் மூன்று நாளைக்குத் தாங்கும் என்றும் கணக்குப் போட்டேன். சாதாரணக் குளிருக்கு அந்தக் கணக்கு சரி.

மாலையில் ஒன்றும் வரவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். புதன் காலையில் வந்தது, நீளமில்லை: "பாத்தீங்களா?" அவ்வளவுதான். நான் மூன்றாவதுக்காகக் காத்திருந்தேன். அந்த நேரத்தில்தான் வண்டி அவர் வாசலைத் தாண்டிப் போயிருக்க வேண்டும்.

புதன் மதியம் அந்தப் பக்கம் முழுக்க மின்சாரம் போனது என்று வானொலியில் சொன்னார்கள். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும், அதனால்தான் கடிதம் வரவில்லை என்று புரிந்துகொண்டேன். அவர் வீட்டில் மின்சாரம் இல்லாமலே எரிந்து வீட்டைச் சூடாக்கும் சுவர் அடுப்பு உண்டு என்று எனக்கு முன்பே எழுதியிருந்தார். கேஸ் இருந்தால் எரியும். விறகு அடுப்பைப் போன வருடம்தான் எடுத்துவிட்டார், கோடாரி பிடிக்க முடியவில்லை என்று. வியாழன் மதியம் என் பதிலை அனுப்பினேன். வெள்ளிக்கிழமை பனி வாரும் லாரிக்காரர் வாசலில் ஒரு காலடித் தடமும் இல்லை என்று பார்த்துச் சொல்லி, ஷெரிஃப் ஆட்கள் கதவைத் திறந்தார்கள். சிவப்புக் கோட்டோடு, அதன்மேல் இரண்டு கம்பளியோடு, மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

மின்சாரம் வந்தபின் நீங்கள் அவர் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தபோது என் பதில் கடைசியாக வந்து நின்றிருந்தது. நீங்கள் அதைப் படித்துவிட்டு, பாவம், இவர் உதவ முயன்றிருக்கிறார், தாமதமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு எனக்கு ரொட்டி சுட்டுக்கொண்டு வந்தீர்கள். அதை உங்களிடமிருந்து வாங்கிக்கொண்டதற்கு வருந்துகிறேன்.

இதற்கு எந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஷெரிஃப் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். ஒரு ஃபைலில் ஒரு வரி இல்லை என்பதற்காக யாரையும் பிடித்துப் போவார்கள் என்று தோன்றவில்லை. அதோடு, நான் அவரை வெறுத்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இரண்டு வருடத்தில் என்னைக் கேலி செய்த ஒரே மனிதர் அவர். வீட்டில் அந்தக் கடிதங்கள் நூற்றுப் பதினெட்டும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். உங்களுக்கு வேண்டுமென்றால் நகல் தருகிறேன்.

நடந்ததிலிருந்து நான் பாடம் கற்றுக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை சஸ்காச்சுவனிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். கழுத்துக்குக் கீழே அசைவில்லை, வாயில் குச்சியைக் கவ்வித் தட்டுகிறாராம். மீன்பிடி லைசென்ஸ் பக்கத்தில் நீலக் கட்டம் தெரியவில்லை என்றார். நன்றாக எழுதுகிறார், நகைச்சுவையும் உண்டு, நாய் ஒன்று வளர்க்கிறார். இந்த முறை நான் ஒரு நிமிடம்கூடக் காக்கவைக்கவில்லை. உடனே பதில் போட்டு, நாயின் பெயர் என்ன என்று கேட்டேன். கட்டத்துக்கு அவசரமில்லை. அங்கே மீன்பிடிக் காலம் மே மாதத்தில்தான் தொடங்குகிறது.